புதினா எந்தக் கையில்?

அன்று காலை நானும் அப்பாவும் ஒரே கண்ணாடிக்கு முன்னால் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் குளியலறை சின்னது. நான் வலது கையால் தேய்ப்பேன். அப்பா இடது கைக்காரர். நான் அவருக்கு வலப்பக்கம் நின்றால் ஒரு தொந்தரவும் இல்லை. இடப்பக்கம் நின்றால் முழங்கையும் முழங்கையும் இடித்துக்கொள்ளும். அன்று நான் வேண்டுமென்றே இடப்பக்கம் நின்றேன்.

"இடிக்காத, நுரை சட்டையில விழுது," என்றார் அப்பா.

"புதினா எந்தக் கையில?" என்று நான் கேட்டேன்.

"பல்லு தேய்க்கிற கையில."

"மறக்க மாட்டீங்களே?"

"மறந்தா வந்து பல்லப் பிடுங்கு," என்று சொல்லிவிட்டு, பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே இடது காதைச் சொறிந்துகொண்டார். அது அவர் பழக்கம். ஏதாவது யோசித்தால் காது அரிக்கும்.

அப்பாவுக்கு ஒரு குறை உண்டு. எது இடது, எது வலது என்று கேட்டால் குழம்பிவிடுவார். கேட்ட உடனே சொல்ல வராது. மனதுக்குள் எழுதுவதுபோல விரலை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அப்போதும் பாதி நாள் தப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் அவர் வேலையோ, இடதும் வலதும் மாறவே கூடாத வேலை.

அப்பா ஓர் அறிவியல் கூடத்தில் விளக்குநர். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். ஆளுக்கொரு வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொள்வார்கள். மாட்டியதும் அறை மறைந்து வேறொரு உலகம் தெரியும். அங்கே நீல நிறத்தில் குண்டுத் தலையோடு ஒரு பொம்மை மனிதர் நடந்து வருவார். இப்படிக் கணினிக்குள் நமக்குப் பதிலாக நடமாடும் உருவத்துக்கு அவதார் என்று பெயர். பிள்ளைகள் அந்த அவதாருக்கு 'உருண்டை' என்று பெயர் வைத்திருந்தார்கள். உருண்டைக்கு உள்ளே இருந்தது எங்கள் அப்பா. பக்கத்து அறையில் அவர் கையைத் தூக்கினால், உருண்டையும் கையைத் தூக்கும். அவர் குனிந்தால் அதுவும் குனியும்.

உருண்டை, மூலக்கூறுகளைக் கையில் எடுத்துக் காட்டும். மூலக்கூறு என்பது அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு சின்னக் கூட்டம். நிஜத்தில் கண்ணுக்கே தெரியாது. வி.ஆர். உலகத்தில் அது ஒரு பூசணிக்காய் அளவுக்கு இருக்கும். தொட்டுத் திருப்பிப் பார்க்கலாம்.

அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தவை இரண்டு மூலக்கூறுகள். ஒன்று புதினா வாசனையைத் தருவது. இன்னொன்று சீமைச்சோம்பு வாசனையைத் தருவது. சீமைச்சோம்பு என்பது ரொட்டிமேல் தூவுகிற ஒரு சின்ன விதை. இரண்டு மூலக்கூறும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம், நம் இரண்டு கைகளைப்போல.

எது எது என்று குழம்பாமல் இருக்க அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பற்பசையில் புதினா இருக்கிறது. அதனால் பல் தேய்க்கும் கையில் புதினா, மற்ற கையில் சோம்பு.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு, அந்தக் காட்சியை ஒரு தடவை முழுதாகப் பதிவு செய்யப் போகிறார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். கூட்டம் அதிகமான நாட்களில் அந்தப் பதிவையே ஓட்டிக்கொள்ளலாமாம்.

பதிவு நன்றாக முடிந்தது. அன்று மாலை, வேலை முடிந்து படியிறங்கும்போது அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வீடு திரும்பவில்லை. எனக்கு அப்போது பத்து வயது.

*

இரண்டு மாதம் கழித்து எங்கள் வகுப்பை அந்த அறிவியல் கூடத்துக்கு அழைத்துப்போனார்கள்.

வகுப்பு ஆசிரியை முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்குக் கஷ்டமா இருந்தா வர வேணாம்மா. நூலகத்துல உக்காந்துக்கலாம்," என்றார்.

"வரேன் டீச்சர். எங்கப்பா குரல் அங்கதான் இருக்கு," என்றேன்.

கூடம் புது அறைக்கு மாறியிருந்தது. அறையின் ஒரு பக்கத்தில் பெரிய தூண். இருபது நாற்காலிகள். கழுத்தில் வயரைத் தொங்கவிட்டுக்கொண்டு வயர் மாமா எல்லோருக்கும் கண்ணாடியை மாட்டிவிட்டார். அவர் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவர், அப்பாவின் சிநேகிதர். எப்போதும் கழுத்தில் ஒரு வயர் இருக்கும். அதனால் எனக்கு அவர் வயர் மாமா. என் கண்ணாடியின் பட்டையை மட்டும் இரண்டு தடவை சரிசெய்தார்.

இருட்டானது. பிறகு வெளிச்சம் வந்தது. நீல உருண்டை நடந்து வந்தது.

"டேய், அதுக்கு மூக்கே இல்லடா," என்றது என் பக்கத்து நாற்காலிக் குரல். எங்கள் வகுப்பில் சோடாபுட்டி என்று கூப்பிடும் பையன்.

"வணக்கம். நான்தான் உருண்டை," என்றார் அப்பா. "எனக்கு மூக்கு இல்லன்னு இந்நேரம் ஒருத்தர் சொல்லியிருப்பீங்க. பரவாயில்ல. மூக்கு இல்லாததால எனக்கு ஜலதோஷமே வர்றதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். "அதுக்குக் கேட்டிருச்சு போல," என்று சோடாபுட்டி முணுமுணுத்தான். அதற்கும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இந்தக் கையில புதினா. அந்தக் கையில சோம்பு," என்றார் அப்பா. "ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும். நம்ம மூக்கு அப்படி ஏமாறாது. மூக்குக்குள்ள குட்டிக் குட்டிக் கையுறைங்க இருக்குன்னு வெச்சுக்கோங்க. இடது கையுறைக்குள்ள வலது கை போகுமா? போகாதில்ல? அதான் விஷயம். வாங்க, கை நீட்டுங்க, தரேன்."

உருண்டை கையை நீட்டியது. நானும் நீட்டினேன். அப்போதுதான் ஏதோ ஒன்று உறுத்தியது. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டால் வருமே, அந்த மாதிரி. எங்கே தப்பு என்று உடனே தெரியவில்லை.

உருண்டை ஒரு கணம் யோசித்துவிட்டுக் காதைச் சொறிந்தது.

வலது காதை, வலது கையால்.

*

காட்சி முடிந்ததும் வயர் மாமா என்னை ஓரமாக அழைத்துப்போனார்.

"நல்லவேள, இந்த வாரமே வந்த பாப்பா. சனிக்கிழமையோட இந்தக் காட்சிய நிறுத்தறாங்க."

"ஏன் மாமா?"

அவர் கழுத்து வயரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். பிறகு பார்வையாளர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். வேறொரு பள்ளியின் வேதியியல் ஆசிரியர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'உங்கள் விளக்குநர் புதினாவையும் சீமைச்சோம்பையும் மாற்றிச் சொல்கிறார். புதினா என்று அவர் காட்டுவது சோம்பு. பிள்ளைகளுக்குத் தவறாகக் கற்பிக்க வேண்டாம்.'

"இயக்குநர் மேடம் சரிபார்த்தாங்க. அவர் சொன்னது சரிதான். மாறித்தான் இருக்கு," என்றார் வயர் மாமா. "உங்கப்பாவுக்குத்தான் இடது வலது தகராறுன்னு எல்லாருக்கும் தெரியுமே. அன்னைக்கு மாத்தி எடுத்துட்டார் போல. நல்ல மனுஷன், ஆனா தப்பத் தப்புன்னுதானே சொல்லணும்? புதுசா ஒருத்தர் வந்து திரும்பப் பதிவு பண்ணுவார். நீ கவலப்படாத, இதுல ஒரு பிரதி எடுத்து உனக்குத் தரேன்."

"தப்புன்னு ஒதுக்கி வெச்சத வாங்கிட்டுப் போய் என்ன மாமா பண்றது?" என்றேன்.

அப்பா அங்கே இருக்க வேண்டும். பிள்ளைகள் மூக்கைப் பற்றிக் கேலி செய்ய வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும். நான் விரும்பியது அவ்வளவுதான்.

*

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு திரைச்சீலைக் கடையில் தையல் வேலை செய்தார். அன்று நிறைய வேலை போலிருக்கிறது. விரலில் நூல்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

"உங்கப்பாதானே? மாத்தித்தான் எடுத்திருப்பார். இந்த வீட்டுக்குக் குடி வந்தப்ப லாரிக்காரர்கிட்ட வழி சொன்னது அவர்தான். இடது பக்கம் திரும்புன்னு சொல்றதுக்கு வலது பக்கம்னு சொல்லி, யாரோ வீட்டு வாசல்ல நம்ம பீரோவ இறக்கி வெச்சுட்டாங்க. அந்த வீட்டம்மா வேற, நல்லா இருக்கே, எவ்வளவுன்னு கேட்டாங்க."

நானும் சிரித்தேன். ஆனால் உறுத்தல் போகவில்லை.

அம்மா பாத்திரம் கழுவப் போனார். எங்கள் வீட்டில் அதற்கு மஞ்சள் நிற ரப்பர் கையுறைகள் உண்டு. அம்மா வலது கையால் தேய்ப்பார், வலது உறை முதலில் கிழியும். அப்பா இடது கையால் தேய்ப்பார், இடது உறை கிழியும். இருவரும் மாறி மாறிக் கழுவியதால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கிழிந்து, புது ஜோடி வரும். இந்த இரண்டு மாதமாக அப்படி நடக்கவில்லை. இழுப்பறையில் கிழியாத இடது உறைகள் மட்டும் மூன்று சேர்ந்திருந்தன.

அம்மா அதில் ஒன்றை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி இழுத்து, வலது கையில் மாட்டிக்கொண்டார்.

"அது இடது கை உறைம்மா. வலது கைக்கு எப்படிப் போச்சு?"

"திருப்பிப் போட்டா போகும்."

நான் இன்னொரு உறையை எடுத்தேன். என் வலது கையில் மாட்டப் பார்த்தேன். கட்டைவிரல் தப்பான பக்கம் நின்றது. உறையைச் சுழற்றினேன். தலைகீழாகப் பிடித்தேன். முன்னும் பின்னும் திருப்பினேன். எப்படித் திருப்பினாலும் அது இடது உறையாகவே இருந்தது. பிறகு உள்ளே விரல்விட்டு, மொத்தமாக வெளியே இழுத்தேன். இப்போது வலது கைக்குச் சரியாகப் போனது.

"அம்மா, சும்மா திருப்பினா மாறல. திருப்பிப் போட்டாத்தான் மாறுது."

"ஆமா. அதுக்கென்ன இப்ப? கைய வெச்சுக்கிட்டு சும்மா நிக்காம அந்தத் தட்ட எடு."

தட்டை எடுத்துக் கொடுத்தேன். மனம் அங்கே இல்லை.

புதினாவை அப்பா மாற்றி எடுத்திருக்கலாம். அது நடக்கக்கூடியதுதான். ஆனால் காது? காதைச் சொறிய யாரும் இடது வலது யோசிப்பதில்லையே. கை தானாகப் போகும். அப்பாவின் இடது கை இடது காதுக்குத்தான் போகும். அன்று உருண்டையின் கை வலது காதுக்குப் போனது. அப்படியென்றால் மாறியது புதினா மட்டும் இல்லை. கை, காது, சோம்பு எல்லாமே மாறியிருக்கிறது. அந்த மொத்தக் காட்சியையும் யாரோ கையுறையைப்போலத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

*

மறுநாள் பள்ளி விட்டதும் பையில் கையுறையோடு அறிவியல் கூடத்துக்குப் போனேன். நேராக இயக்குநர் அறைக்குப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கதவு வரைக்கும் போய்விட்டேன். பிறகு, கணினிகளைத் தொடுவது வயர் மாமா ஒருவர்தான் என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி அவர் அறைக்கே போனேன்.

அவர் என் கதையை முழுதாகக் கேட்டார். கையுறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார், திருப்பிப் போட்டுப் பார்த்தார். காது விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. மெதுவாகத் திரும்பிக் கணினித் திரையின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. இயக்குநரின் கையெழுத்து.

'தூண் இடிக்கிறது. உருண்டையைத் திருப்பிப் போடவும்.'

"புது அறைக்கு வந்தப்ப," என்றார் வயர் மாமா, "உருண்டை நிக்கிற இடம் சரியா தூண் பக்கமா அமைஞ்சுது. பசங்க வாங்கறதுக்குக் கைய நீட்டினா, தூண்ல மோதி ஒருத்தனுக்கு விரல் வீங்கிருச்சு. மேடம் இந்தச் சீட்ட எழுதிக் குடுத்தாங்க. நானும் திருப்பிப் போட்டேன். ஒரே பட்டன். இந்தப் பக்கம் இருந்த உருண்டை அந்தப் பக்கம் போயிருச்சு. வேல முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்."

"முகம் பாக்கற கண்ணாடில தெரியற மாதிரியா?"

"கண்ணாடில தெரியற மாதிரி."

பழைய பதிவை அவர் தேடி எடுத்தார். இருவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டோம். உருண்டை வந்தது. இடது கையில் ஒரு மூலக்கூறைத் தூக்கி, "இந்தக் கையில புதினா," என்றது.

வயர் மாமா கண்ணாடியை ஏற்றி இறக்கி, பக்கத்தில் இருந்த புத்தகப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

"புதினாதான் பாப்பா," என்றார்.

"காது?"

கொஞ்ச நேரம் ஓடவிட்டோம். உருண்டை யோசித்தது. இடது காதைச் சொறிந்தது.

வயர் மாமா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அந்த மனுஷன் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கார். நான் ஒரு பட்டன அழுத்தி அவர் பேரக் கெடுத்துட்டேனே."

"பசங்க விரல் வீங்கக் கூடாதுன்னுதானே அழுத்தினீங்க?"

"மேடம் அப்படி நெனைப்பாங்களா? என் வேலைக்கே உல வெச்சாலும் வெச்சுருவாங்க."

அவர் கழுத்து வயரை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அப்பா படியில் உட்கார்ந்தபோது முதலில் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தது அந்தக் கைதான் என்று அம்மா சொல்லியிருந்தார்.

"நான் மேடம்கிட்ட எதுவும் சொல்லல மாமா. நீங்களே சொல்லுங்க," என்றேன். "நான் பக்கத்துல கையுறையப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். கையுறையைப் பார்த்தார். "பெரிய ஆயுதந்தான்," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

*

இயக்குநர் மேடத்திடம் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் இருக்கும். ஒன்று கண்ணில், ஒன்று தலையில். நாங்கள் போனபோது அவர் மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தார்.

வயர் மாமா எல்லாவற்றையும் சொன்னார். தான் பட்டனை அழுத்தியதை முதலில் சொன்னார், மறைக்கவில்லை. நான் கையுறையை நீட்டினேன். மேடம் அதை வாங்கித் தானே மாட்டிப் பார்த்தார். சுழற்றினார். பிறகு திருப்பிப் போட்டார். அது வலது கையில் போனது, ஆனால் மோதிரத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. அதனால் மீதிப் பேச்சு முழுவதும் அவர் ஒரு மஞ்சள் கையோடுதான் பேசினார்.

"நான் அப்படிச் சொல்லலியே," என்றார் வயர் மாமாவிடம். "நாற்காலியோட சேத்து மொத்தத்தையும் பின்சுவரப் பாத்து திருப்பிப் போடச் சொன்னேன்."

"திருப்பிப் போடுன்னா, சட்டையத் திருப்பிப் போடற மாதிரின்னு நெனச்சேன் மேடம்."

"நான் கட்டிலத் திருப்பிப் போடற மாதிரி சொன்னேன்."

மேடம் மஞ்சள் கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி. எழுதினவ நான். திருப்பி வைங்கன்னு எழுதியிருக்கணும்," என்றார் கடைசியில். "பாதித் தப்பு என்னோடது. மீதிப் பாதிய நீங்க எடுத்துக்கோங்க. அவருக்குக் கொஞ்சங்கூட இல்ல."

வயர் மாமா மூச்சை வெளியே விட்டது எனக்குக் கேட்டது.

"ஆனா பழையபடி மாத்தினா மறுபடியும் தூண் இடிக்குமே," என்றார் மேடம்.

"நாற்காலியப் பின்சுவரப் பாத்து திருப்பிட்டா?" என்று கேட்டேன். "தூண் வலப்பக்கம் போயிரும். உருண்டை இடப்பக்கம் நிக்கும்."

"அதத்தானேம்மா நான் மொதல்லயே எழுதினேன்," என்றார் மேடம்.

மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். பிறகு மூன்று பேரும் சேர்ந்து நாற்காலிகளைத் திருப்பினோம். மேடம் மட்டும் ஒரு கையில் உறையோடு. சோப்புத் தண்ணீர் விட்டுத்தான் கடைசியில் அது கழன்றது.

*

சனிக்கிழமை காட்சியை நிறுத்தவில்லை. மேடமே தொலைபேசியில் கூப்பிட்டதால் அந்த வேதியியல் ஆசிரியர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் நான்கு பேனா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதினா மூலக்கூறைச் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து அடிப்பக்கத்தைக்கூடப் பார்த்தார். கழற்றியதும் பார்வையாளர் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, தன் பழைய குறிப்புக்குக் கீழே எழுதினார்: 'நான் அன்று பார்த்தது கண்ணாடிப் பிம்பம். விளக்குநர் சொன்னது சரி.'

பிறகு அம்மாவிடம் வந்தார். அம்மா அன்று கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. அவர் மேல தப்பு சொல்லிட்டேன்."

"நீங்க வெளியாளு," என்றார் அம்மா. "கூடவே இருந்த நானே நம்பிட்டேன் சார். நீங்க எழுதலன்னா எங்களுக்கே தெரியாமப் போயிருக்கும். உங்களுக்கு நான்தான் நன்றி சொல்லணும்."

அவர் ஒரு பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு வயர் மாமா அம்மாவுக்கு ஒரு கண்ணாடியை நீட்டினார். அம்மா அந்த உலகத்துக்குள் அதுவரை போனதே இல்லை. அப்பா எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். "எனக்குத் தலை சுத்தும்," என்று மறுத்துவிடுவார்.

இப்போது வாங்கி மாட்டிக்கொண்டார். நானும் மாட்டிக்கொண்டேன்.

"இவரா? இவ்வளவு குண்டாவா?" என்றார் அம்மா.

உருண்டை மூக்கு ஜோக்கைச் சொன்னது. அம்மா சத்தமாகச் சிரித்தார். பிறகு உருண்டை இடது கையை நீட்டியது. எதிரில் நின்ற அம்மா வலது கையை நீட்டினார். புதினா மூலக்கூறு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்தது.

அம்மா அதை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. தையல்காரி அல்லவா, எதைக் கையில் எடுத்தாலும் எண்ணுவார். திரைச்சீலை வளையங்களை எண்ணுவதுபோல ஒவ்வொரு அணுவாகத் தொட்டு எண்ணினார். பத்து கறுப்பு. பதினான்கு வெள்ளை. கடைசியில், ஓரமாகத் தனியாக நின்ற ஒரு சிவப்பு.

"இருபத்தஞ்சு," என்றார். "சரியா?"

"சரிம்மா."

அதன் பிறகு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. உருண்டை நிறம் மாறிவிட்டது, இப்போது பச்சை. கண்ணாடிகள் மூன்று தடவை புதிதாக வந்துவிட்டன. இப்போது அங்கே இருக்கும் விளக்குநர் ஒரு அக்கா, அப்பாவைவிட நன்றாகவே பேசுவார். கூட்டம் அதிகமான நாட்களில் மட்டும் அப்பாவின் பதிவு ஓடும். வயர் மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ஒரு ஜோடி மஞ்சள் கையுறை வாங்கிக் கொடுத்தேன். பட்டனை அழுத்தியது நான்தான் என்று அன்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இது எதுவுமே இருந்திருக்காது. மேடத்துக்கும், நான்கு பேனாக்காரருக்கும் நான் அப்போது ஒழுங்காக நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. பத்து வயதில் அதெல்லாம் தோன்றுவதில்லை.

போன மாதமும் போய்ப் பார்த்தேன். நான் இப்போது உருண்டையைவிட இரண்டு விரல் உயரம். கை நீட்டி வாங்கி, ஒவ்வொன்றாக எண்ணினேன்.

கறுப்பு பத்து. வெள்ளை பதினான்கு. சிவப்பு ஒன்றே ஒன்று.